ஊராட்சி வாங்கிய தெருவிளக்கு: கணக்கை எங்கிருந்து கேட்பது?

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளர். எங்கள் ஊராட்சியில் சென்ற ஆண்டு தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றினார்கள். கிராம சபையில் செலவுக் கணக்கை வாசித்தபோது, இந்த ஒரே வேலை நான்கு தெருக்களின் பெயரில் நான்கு வேலையாக இருந்தது. ஒரு விளக்குக்கு எழுதியிருக்கும் விலை, டவுனில் எலெக்ட்ரிக்கல் கடையில் நான் விசாரித்ததைப் போல இரண்டு மடங்கு. நான்கையும் எடுத்துச் செய்தவர் தலைவருக்கு உறவுக்காரர். ஊராட்சிச் செயலரிடம் கேட்டால், "இது கொட்டேஷன்ல செய்றதும்மா, டெண்டர் தேவையில்லை. மூணு கொட்டேஷன் வாங்கித்தான் கொடுத்தோம்" என்கிறார். ஃபைலைக் காட்டச் சொன்னால் ஒன்றியத்தில் இருக்கிறது என்கிறார். ஒன்றியத்தில் கேட்டால் ஊராட்சியில்தான் இருக்கும் என்கிறார்கள். ஃபேஸ்புக்கில் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கிறோம், வீண் பகை வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உரிமை உண்டு. வாக்காளர் என்ற முறையில் கிராம சபையில் கேட்கலாம். இந்தியக் குடிமகள் என்ற முறையில் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் எழுத்தில் கேட்கலாம். படிப்பு இதற்குத் தேவையில்லை. குழுவின் கணக்கு நோட்டை மாதாமாதம் எழுதி வங்கிக்குக் காட்டுகிறவர் நீங்கள். ஊராட்சிக் கோப்பைப் படிக்கவும் அதே பொறுமைதான் வேண்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்தவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று சந்தேகங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வேலையை நான்காகத் துண்டு போட்டது. இரண்டு, விலை. மூன்று, உறவு. ஊரில் பேசும்போது உறவுதான் முதலில் வாயில் வரும். எழுத்தில் கேட்கும்போது அதைக் கடைசியில் வையுங்கள். தலைவரோ உறுப்பினரோ ஊராட்சி ஒப்பந்தத்தில் தாமே பங்கு வைத்திருந்தால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி பதவிக்கே தகுதியிழப்பு வரும். ஒப்பந்ததாரர் உறவுக்காரர் என்பது மட்டும் அந்த அளவுக்குப் போகாது. அந்த உறவுக்காக முடிவு வளைக்கப்பட்டதா என்பதைக் காகிதம்தான் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் உறவை மட்டும் சொன்னால், விஷயம் குடும்பச் சண்டையாகத் திசை மாறிப் போகும்.

விலையிலும் அவசரப்பட வேண்டாம். கடையில் உங்களுக்குச் சொன்னது விளக்கின் விலை. கணக்கில் எழுதியது பெரும்பாலும் கம்பத்தில் பொருத்தி எரியவிட்ட விலை. அதற்குள் கம்பி, கிளாம்ப், ஆள்கூலி, ஒப்பந்ததாரர் லாபம், 18% ஜிஎஸ்டி எல்லாம் இருக்கும். வாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்; உத்தரவாதக் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவையும் கூட்டிய பிறகும் இரண்டு மடங்கு வருவது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கூட்டலைப் போடாமல் நீங்கள் பேசினால், "அந்த அம்மாவுக்கு விவரம் தெரியாது" என்ற ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

துண்டு போட்டதுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான விஷயம். ஏனென்றால் அது ஊராட்சியே வாசித்த கணக்கில் இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் பொருள் வாங்கவும் வேலை கொடுக்கவும் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது: தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998. அதன் விதிகள் 2000இல் வந்தன. அந்த விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்கு, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் போனால் 30 நாள். அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து அனுமதிக்க வேண்டும். விலை எழுதிய உறைகளை, வந்திருக்கும் ஒப்பந்ததாரர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். யார் பெற்றார், மற்றவர்களுடையது ஏன் தள்ளப்பட்டது என்பதும் டெண்டர் அறிவிப்புகளை வெளியிடும் டெண்டர் செய்தி இதழின் அலுவலருக்குப் போக வேண்டும். சிறிய தொகைகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் செயலர் சொல்வது அதைத்தான். கிராமத்தில் ஒரு குழாய் உடைந்தால் 15 நாள் காத்திருக்க முடியாது என்பதற்காக வைத்த விலக்கு அது.

நான்கு தெருவையும் ஒரே வேலையாகப் போட்டிருந்தால் இந்த அவகாசமும் அறிவிப்பும் கட்டாயமாகியிருக்கலாம். பக்கத்து ஒன்றியத்து ஒப்பந்ததாரர் ஒருவர் பார்த்திருப்பார். உங்கள் தம்பிகூடப் பார்த்திருப்பான். துண்டு போட்டதில் உங்கள் ஊருக்குப் போனது அந்தப் பதினைந்து நாள். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே தேவையைச் சிறு சிறு துண்டாக்கி வாங்கக் கூடாது என்பது அரசு நிதி நடைமுறையின் அடிப்படை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 157ஆம் விதி இதை நேராகவே சொல்கிறது. ஆகவே "டெண்டர் தேவையில்லை" என்பதோடு செயலரின் பதில் முடிந்துவிடாது. எந்த அரசாணையின்படி, எந்தத் தொகை வரம்பின்படி கொட்டேஷன் முறை எடுக்கப்பட்டது என்பது கோப்பில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். நான்கு வேலைக்கும் நிர்வாக அனுமதி எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஒரே நாளில், அடுத்தடுத்த எண்ணில், ஒரே ஆளுக்கு வேலை உத்தரவு போயிருந்தால் அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. சில திட்டங்களில் மாவட்ட அளவிலேயே டெண்டர் முடித்து விலையையும் நிறுவனத்தையும் முடிவு செய்துவிடுவார்கள். ஊராட்சி பணம் மட்டும் கட்டும். அப்படி நடந்திருந்தால் தலைவர் மேல் பழி போடுவது அநியாயம். ஆனால் உங்கள் செயலர் "மூணு கொட்டேஷன்" என்று சொல்லியிருப்பதால் அந்த வழி நடக்கவில்லை என்றே தோன்றுகிறது. எந்த நிதியிலிருந்து செலவு செய்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் இது தெளிவாகிவிடும்.

டெண்டர் உறை பிரிக்கும் நாளையே எல்லோரும் உற்றுப் பார்க்கிறோம். பணம் போகும் வழி பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோதான் இருக்கிறது. முன்னால் என்றால் மதிப்பீடு. பின்னால் என்றால், செய்து முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். உறை பிரித்த அன்று எல்லாம் சட்டப்படி நடந்திருக்கும். ஆனால் மதிப்பீட்டிலேயே விலை ஏற்றப்பட்டிருந்தால் "மதிப்பீட்டை விடக் குறைந்த விலை" என்று சொல்லியே அதிக விலைக்கு வாங்க முடியும்.

மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் போடுவார். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் இருக்கும் பொருளுக்கு அந்த விலையைத்தான் எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்றை ஆதாரத்தோடு வைப்பார்கள். நான் பார்த்த கோப்புகளில் ஓட்டை அதிகம் இருந்தது இந்த இடத்தில்தான். சந்தை விலைக்கு ஆதாரமாக வைத்த கடிதத்தை யார் கொடுத்தார்? பின்னால் வேலையை எடுத்தவரேதான் கொடுத்தாரா? ஆகவே மதிப்பீட்டை மட்டும் கேட்காதீர்கள். "மதிப்பீட்டில் கண்ட விலைகளுக்கான ஆதாரங்களுடன்" என்று சேர்த்துக் கேளுங்கள்.

மூன்று கொட்டேஷன் கையில் கிடைத்தால், மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். முதலில் எழுத்து. ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப் பிழை, "வாட்" என்பதை மூவரும் ஒரே மாதிரி தப்பாக அடித்திருப்பது. அடுத்து தேதிகள். கேட்டு அனுப்பிய கடிதம் என்றைக்கு, மூவரும் கொடுத்தது என்றைக்கு, ஒப்பீட்டுப் பட்டியல் என்றைக்கு? தபாலில் வந்திருந்தால் உறையில் முத்திரை இருக்கும். அதனால்தான் உறையையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். அதற்கடுத்தது விலைகள். உண்மையாகப் போட்டி போடும் மூன்று கடைக்காரர்களில் ஒருவர் விளக்கில் குறைப்பார், இன்னொருவர் கம்பியில் குறைப்பார், மூன்றாமவர் கூலியில் ஏற்றியிருப்பார். பொருளுக்குப் பொருள் வரிசை மாறும். எல்லாப் பொருளிலும் இரண்டாமவர் சரியாக 5 சதவீதம் அதிகம், மூன்றாமவர் சரியாக 10 சதவீதம் அதிகம் என்று வந்தால், மூன்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்பட இடமுண்டு.

இன்னொரு சோதனையை வீட்டிலிருந்தே செய்யலாம். ஜிஎஸ்டி பதிவுள்ள கடையின் கொட்டேஷனில் 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் அல்லது உரிமையாளரின் பான் எண். இரண்டு வேறு கடைப் பெயர்களில் அந்தப் பத்து எழுத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒருவருடையவை. ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துபவரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். கொட்டேஷன் கொடுத்த தேதிக்குப் பிறகு பதிவான கடை, ரத்தான பதிவு எண் என்று ஏதாவது தட்டுப்பட்டால் அந்தத் திரையை அச்செடுத்து வையுங்கள்.

இவ்வளவும் காகிதம் கிடைத்த பிறகு. மனு போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. விளக்குகளை எண்ணுங்கள்.

மனு போனதும் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்துவிடும். விட்டுப்போன கம்பங்களில் அடுத்த வாரமே விளக்கு ஏறலாம். அது ஊருக்கு நல்லதுதான், ஆனால் கணக்குக்கு ஆதாரம் போய்விடும். ஆகவே குழுவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, நான்கு தெருவிலும் கம்பம் கம்பமாகப் போய், மின்கம்ப எண், விளக்கு இருக்கிறதா, எரிகிறதா, என்ன கம்பெனி, எத்தனை வாட் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். செல்போனில் தேதியோடு படம் எடுங்கள். ஏறிப் பார்க்க வேண்டாம். கம்பத்தில் கை வைக்கவே வேண்டாம். கழற்றி வைத்த புது எல்இடி விளக்கு ஒன்று கீழே கிடைத்தால் அதன் லேபிளைப் பாருங்கள். எல்இடி தெருவிளக்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் எந்தத் தயாரிப்பாளருடையது என்று தெரியும்.

பிறகு மின்கட்டணம். தெருவிளக்கு மின் இணைப்புக்கு ஊராட்சிதான் பணம் கட்டுகிறது. பழைய டியூப்லைட்டையும் சோடியம் விளக்கையும் எடுத்துவிட்டு எல்இடி போட்டால் யூனிட் நன்றாகவே இறங்க வேண்டும். மாற்றுவதற்கு முன் ஓராண்டு, பின் ஓராண்டு மின்கட்டணப் பட்டியல்களைக் கேளுங்கள். எரியும் நேரமோ விளக்குகளின் எண்ணிக்கையோ கூடாமல் யூனிட்டும் இறங்கவில்லை என்றால், சொன்ன எண்ணிக்கை மாற்றப்படவில்லை அல்லது சொன்ன வாட் பொருத்தப்படவில்லை.

பழைய விளக்குகள் எங்கே என்றும் கேளுங்கள். கழற்றியவை ஊராட்சியின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்து, ஏலம் விட்டு, அந்தப் பணம் ஊராட்சிக் கணக்கில் ஏற வேண்டும். புதிதாக வாங்கியதில் எல்லோரும் கண் வைத்திருப்பார்கள். பழையதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தகவல் கேட்பதற்கு முன் இணையத்தில் ஒரு எட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள் தம்பியை. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஒவ்வொரு ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும், நிதிக் குழு மானியத்தின் வரவு செலவும் இருக்கும், கடவுச்சொல் தேவையில்லை. மத்திய நிதிக் குழு மானியத்தில் செலவு செய்திருந்தால் யாருக்கு எந்தத் தேதியில் பணம் போனது என்பது அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. ஊராட்சியின் சொந்த நிதி என்றால் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இனி மனு. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவே கூடாது என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(2). ஊராட்சியா ஒன்றியமா என்ற குழப்பத்துக்கு மருந்து பிரிவு 6(3): தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயரிட்டே அனுப்பிவிடுங்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "ஏன் துண்டு போட்டீர்கள்", "இது நியாயமா" என்று எழுதாதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரும் கடமைதான் அவர்களுக்கு உண்டு. காரணம் சொல்லும் கடமை இந்தச் சட்டத்தில் இல்லை. இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் ஊராட்சியில் ......... நிதியாண்டில் தெருவிளக்குகளை எல்இடி விளக்குகளாக மாற்றிய எல்லாப் பணிகளுக்கும் பின்வரும் ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் வேண்டும்: ஊராட்சித் தீர்மானம், நிர்வாக அனுமதி மற்றும் தொழில்நுட்ப அனுமதி உத்தரவுகள், விலை ஆதாரங்களுடன் மதிப்பீடு, கொட்டேஷன் முறையைப் பின்பற்ற ஆதாரமான அரசாணை மற்றும் கோப்புக் குறிப்பு, கொட்டேஷன் கேட்ட கடிதங்கள், வந்த எல்லா கொட்டேஷன்களும் உறைகளும், ஒப்பீட்டுப் பட்டியல், வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், விற்பனைப் பட்டியல், வவுச்சர், புதிய, பழைய விளக்குகளுக்கான இருப்புப் பதிவேட்டுப் பக்கங்கள், தெருவிளக்கு மின் இணைப்புகளுக்கு, மாற்றுவதற்கு முன் ஓராண்டு, பின் ஓராண்டு மின்கட்டணப் பட்டியல்கள். மேலும், பிரிவு 2(ஜே)யின்படி இந்தக் கோப்புகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தரவும்."

நிதியாண்டை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகல் கேட்டால் பத்து ஆவணத்தில் ஏழு வரும். நேரில் கோப்பைப் புரட்டும்போது நகலில் வராத குறிப்புப் பக்கங்களும் கண்ணில் படும். அதே பிரிவு பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி கேட்கவும் உரிமை தருகிறது. சாலை, கட்டட வேலைகளில் அது பெரிய ஆயுதம். உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. நாள் கடத்தினால் தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நாள் கடந்தபின் நகலுக்குக் கட்டணம் கேட்கவும் முடியாது. "வணிக ரகசியம்" என்று பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுத்தால் கலங்க வேண்டாம். வேலை முடிந்து, பணம் பட்டுவாடா ஆன ஒப்பந்தத்தின் விலையில் ரகசியம் என்ன இருக்கிறது? பெரும் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மேல்முறையீட்டில் இதை எழுதுங்கள். ஆணையம் வரை போனால் காலம் பிடிக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெட்டிக்கடை ஊரின் தயவில் ஓடுவது. அவரைத் தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பது சுலபம். அதைச் செய்ய மாட்டேன். மனு உங்கள் பெயரில்தான் போக வேண்டும் என்றில்லை. எந்தக் குடிமகனும் எந்த ஊராட்சியைப் பற்றியும் கேட்கலாம். வெளியூரில் இருக்கும் அண்ணனோ மைத்துனரோ அனுப்பலாம். அல்லது குழுவில் ஆறேழு பேர் ஆளுக்கொரு மனுவாக, ஆளுக்கு இரண்டு ஆவணம் கேட்டு அனுப்பலாம்; அப்போது பகைத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்காது. மிரட்டல் வந்தால் அன்றே தேதி, நேரம், சாட்சி எழுதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.

ஃபேஸ்புக் இப்போது வேண்டாம். காகிதம் கைக்கு வருமுன் ஒருவரைத் திருடன் என்று எழுதினால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் தம்பி மேல் பாயும். கேள்வி கேட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் பல வருஷம் யாரும் வாய் திறப்பதில்லை.

படிக்காதவர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது என்னை உறுத்தியது. இன்று நாம் பயன்படுத்தும் இந்தத் தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் முக்கியமான ஒன்று, கூலி வேலை செய்யும் கிராமத்து மக்கள் ஊராட்சியின் பில்லையும் வவுச்சரையும் கேட்டதில் இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் பதிவேட்டை ஊர் நடுவே வாசித்தார்கள். எழுதப்பட்ட வேலையும் கொடுக்கப்பட்ட கூலியும் உண்மையா என்று அந்த மக்களையே கேட்டார்கள். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் அவர்களுடைய கோஷம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் முன்னால் நின்றார்கள். கணக்கு பொய் என்று சொல்ல அவர்களுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. அந்த வேலை நடந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் விளக்கு எரிகிறதா என்று உங்களுக்குத் தெரிவதைப் போல.

ஆவணங்கள் வந்த பிறகு உங்கள் கள நோட்டை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஒரே பக்கத்தில் சுருக்கமாக எழுதுங்கள்: கணக்கில் இவ்வளவு, கம்பத்தில் இவ்வளவு, இணைப்பு இன்னது. குற்றச்சாட்டு வார்த்தை ஒன்றும் வேண்டாம். முதலில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. பிறகு மாவட்டத்தில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்). மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவரிடம் கொடுத்து ரசீது வாங்கலாம். லஞ்சம் கைமாறியதற்கே ஆதாரம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை. விலை அதிகம் என்ற அளவில் அங்கே போனால் புகார் நிற்பது கஷ்டம்.

இதோடு சேர்த்து இன்னொரு ஆவணத்தையும் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையும், அதிலுள்ள தணிக்கைத் தடைகளுக்கு, அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு, ஊராட்சி கொடுத்த பதிலும். தணிக்கையாளர்கள் பலமுறை இதே துண்டு போட்ட விஷயத்தை எழுதியிருப்பார்கள். பதில் வராமலே ஆண்டுக்கணக்கில் அந்தத் தடைகள் நிலுவையில் கிடக்கும். அவற்றைப் படிக்க ஊரில் ஒருவர்கூட வராததுதான் அந்த வேலையில் எனக்கு இருந்த பெரிய மனக்குறை. ஸ்லோவாக்கியா என்ற சிறிய ஐரோப்பிய நாட்டில் 2011 முதல் ஒரு விதி இருக்கிறது: அரசு செய்யும் ஒப்பந்தத்தை இணையத்தில் வெளியிடும் வரை அது நடைமுறைக்கே வராது, மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் செய்யப்படாததாகவே கருதப்படும். அந்த விதி இங்கே இருந்திருந்தால், ஒரு வேலை உத்தரவைப் பார்க்க நீங்கள் நீதிமன்ற வில்லை ஒட்ட வேண்டியதில்லை. கொட்டேஷனில் கொடுக்கும் சிறிய வேலைகளுக்கும் அது வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். சிறிய வேலைகளில்தான் யாரும் பார்ப்பதில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்கு ஆவணம் கிடைத்த பிறகு வரும் முதல் கிராம சபைக்குக் குழுவாகப் போங்கள். எழுந்து நின்று கேட்பதோடு, கேள்வியை எழுத்திலும் கொடுங்கள். "இனி தெருவிளக்கு வேலைகளை ஒரே மதிப்பீடாகப் போட்டு டெண்டர் விட வேண்டும், மதிப்பீடும் வேலை உத்தரவும் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்" என்று தீர்மானமே கொண்டுவாருங்கள். நடந்ததற்குக் கணக்கு கேட்பதோடு இனி நடப்பதையும் கட்டுவது இந்தத் தீர்மானம்தான். அதை எதிர்த்துப் பேச ஊரில் யாருக்கும் எளிதாக நா எழாது. கூட்டம் தொடங்கும்போதே வருகைக்காகக் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பின்னால் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உங்கள் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கலைந்து போங்கள். அந்தப் பக்கத்தைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்கள் வந்ததும் அளவுப் புத்தகப் பக்கங்களையும் மூன்று கொட்டேஷன்களையும் எனக்கு அனுப்புங்கள். பொறியாளர்களின் சுருக்கெழுத்து புதிதாகப் படிப்பவருக்குப் புரியாது. வரி வரியாகப் படித்து எழுதி அனுப்புகிறேன்.